பில்லில் 5டபிள்யூ-40, இன்ஜினுக்குள் வேறு ஆயில்: 18,400 வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் "பெர்ஃபார்மன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்" என்று பலகை மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஓர் ஆயில் சர்வீஸுக்கு 18,400 வாங்கிக்கொண்டு, பில்லில் ஒன்றை எழுதி, இன்ஜினில் வேறொன்றை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். லேப் அறிக்கை என் கையில் இருக்கிறது. "இதற்குமேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று நேற்றுதான் அவர்களிடமிருந்து பதில் வந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை.

என் கார் டர்போ, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். கையேட்டில் 5டபிள்யூ-40 (முன் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும், பின் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கான கிரேடு) என்று போட்டு, கம்பெனி ஒப்புதல் எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள். அவ்வப்போது ட்ராக்கில் ஓட்டுவதால், இன்னும் கெட்டியாக 10டபிள்யூ-60 போடலாமா என்று அங்கே இருந்த ஆலோசகரிடம் கேட்டேன். விலை அதிகமுள்ள ஆயில் அது. ஏமாற்றுகிறவராக இருந்தால் "தாராளமாகப் போடலாம் சார்" என்றுதானே சொல்லியிருப்பார்? அவர் வேண்டாம் என்றார். அங்கேதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

எவ்வளவு அழகாக விளக்கினார் தெரியுமா? பிஎம்டபிள்யூ எம்3-இல் வந்த எஸ்54 இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 என்று கம்பெனியே சொன்னது, அந்த இன்ஜினுக்கு அது சரி. டொயோட்டா ஜிஆர்86-ம் ஸ்போர்ட்ஸ் கார்தான், அதற்கு 0டபிள்யூ-20. ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றக் கூடாது; பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு டைமிங்கை மாற்றும் ஆயில் வழிகள் எல்லாம் எந்த ஆயிலை வைத்து வடிவமைக்கப்பட்டதோ அதைத்தான் ஊற்ற வேண்டும் என்றார். தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் மேலே ஏறத் தாமதமாகும், பம்புக்கும் வேலை கூடும். தேவைக்குக் கீழே போனால் சூட்டில் பேரிங்கில் படலம் நிற்காது. 150 டிகிரியில், வேகமான உராய்வில் ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஹெச்டிஹெச்எஸ் என்ற அளவு 5டபிள்யூ-40க்குக் குறைந்தது 3.5 இருக்க வேண்டும், 30 கிரேடுக்கு 2.9 போதும், உங்கள் டர்போவுக்கு அந்த வித்தியாசம் முக்கியம் என்றார்.

இதில் ஒரு வார்த்தை தவறில்லை. அதுதான் இன்னும் வயிறெரிகிறது. எல்லாம் தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் கேன்களைக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை நகத்தால் தட்டி, "சீல் உடையவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். கேனின் பின்பக்கத்தில் இருந்த ஒப்புதல் எண்ணையும் என் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நான் படம் எடுத்தேன். பில் போட்டார்கள், 18,400. கார் உள்ளே போனது. லிஃப்ட் பக்கம் வாடிக்கையாளர் வரக் கூடாது, இன்ஷூரன்ஸ் விதி என்று என்னை வெளி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தச் சீல் உடைவதை நான் பார்க்கவே இல்லை.

முதலில் காட்டிக் கொடுத்தது ஆயில் பிரஷர் மீட்டர். நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் என் காரில் எப்போதும் 1.6 பார் பக்கம் நிற்கும். சர்வீஸுக்குப் பிறகு 1.1. அதே மலைப்பாதை, ஆயில் சூடு வழக்கம்போல 110 டிகிரிதான், பிரஷர் மட்டும் கீழே. இறங்கி வந்து நின்றபோது வால்வு பக்கம் லேசாக டிக் டிக் என்று சத்தம். அதற்குமேல் ஓட்டவில்லை.

போன் செய்தேன். "புது ஆயில் சார், செட் ஆகக் கொஞ்சம் ஓட வேண்டும்" என்றார்கள். ஆயிலுக்கு எதற்கு செட் ஆவது? அடுத்த முறை, "உங்கள் சென்சாரில் கோளாறு இருக்கலாம், கொண்டுவாருங்கள், செக் செய்யத் தனிச் சார்ஜ்." காலி கேன்கள் எங்கே என்று கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டதாம். எத்தனை கேன் திறந்தீர்கள்? "அதையெல்லாம் கணக்கு வைப்பதில்லை." 18,400க்குப் பில் போடும்போது மட்டும் லிட்டர் கணக்குச் சுத்தமாக இருந்தது!

வேறொரு மெக்கானிக்கிடம் ஆயிலை இறக்கினேன். பாதி ஆயில் வடிந்த பிறகு, நடுவில் சுத்தமான பாட்டிலில் பிடித்தோம். பில்லில் எழுதியிருந்த அதே ஆயிலில் சீல் உடைக்காத ஒரு கேனையும் தனியாக வாங்கி, இரண்டிலிருந்தும் லேபுக்கு அனுப்பினேன். 100 டிகிரியில் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை: சீல் கேனில் இருந்தது 13.8 சென்டிஸ்டோக்ஸ், என் இன்ஜினில் இருந்தது 10.4. ஆயில் கிரேடுகளை வரையறுக்கும் எஸ்ஏஇ ஜே300 தரப்படி 40 கிரேடு என்றால் 12.5க்குக் கீழே வரக் கூடாது. 10.4 என்பது 30 கிரேடின் நடுவில் இருக்கிறது.

அறிக்கையை அனுப்பினால் உடனே அடுத்த சாக்கு. "ட்ராக்கில் ஓட்டினால் ஆயில் நீர்த்துப் போகும், டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் கலக்கும்." இரண்டும் உண்மையில் நடப்பவைதான், தெரியாதவர்கள் இதைக் கேட்டால் அடங்கிவிடுவார்கள். ஆனால் இந்த ஆயிலில் ட்ராக்குக்கே போகவில்லை. பெட்ரோல் கலப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று அதே அறிக்கையில் இருக்கிறது. சரி, நீர்த்துப் போனது என்றே வைத்துக்கொள்வோம். நீர்த்துப் போனால், ஆயிலில் சேர்க்கும் மாலிப்டினம் காணாமல் போகுமா? சீல் கேன் ஆயிலில் மாலிப்டினம், போரான் இரண்டும் இருந்தன. இன்ஜினில் இருந்ததில் இரண்டும் பெயருக்குத்தான், கால்சியம் மட்டும் மிக அதிகம். ஆயிலே வேறு, அவ்வளவுதான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி ஓட்டும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறுக்குக் கால்சியம் அதிகமான ஆயில் இடம் கொடுக்கும். பிஸ்டனே உடையலாம். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற இன்ஜின் ஆயில் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அவ்வளவு விளக்கிய அந்த ஆலோசகருக்கு அது தெரியாமலா இருக்கும்?

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மேலாளர் பார்ப்பார் என்றார்கள். மேலாளர் லீவு என்றார்கள். மேலாளர் கிடைத்தபோது, "வெளி லேப் அறிக்கையை நாங்கள் ஏற்பதில்லை, வேண்டுமானால் அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறோம்" என்றார். இவர்களிடம் அடுத்த சர்வீஸா! என் 18,400 கேட்டேன், தள்ளுபடி கேட்கவில்லை. நேற்று வந்த பதிலில் அந்தத் தள்ளுபடியும் இல்லை. லேபுக்கும் இரண்டாம் முறை ஆயிலுக்கும் ஆன செலவு தனி.

எந்த ஆயில் எந்த இன்ஜினுக்கு என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றையாவது செய்யுங்கள். கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் பக்கம் விட மாட்டோம் என்றால் காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பேரலிலிருந்து பிடித்து ஊற்றுவதாக இருந்தால் வேண்டாம். காலி கேன்களை வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் "சின்தெடிக் ஆயில்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். பிராண்ட், கிரேடு, ஒப்புதல் எண், லிட்டர் நான்கும் வேண்டும். சர்வீஸுக்கு முன்னும் பின்னும், ஒரே சூட்டில், ஐட்லிங்கில் ஆயில் பிரஷரைப் படம் எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் ஆயிலை இறக்கும்போது ஒரு பாட்டில் பிடித்து வைக்காமல் விடாதீர்கள். இறக்கி ஊற்றிவிட்டால் அப்புறம் கையில் ஆதாரமே இருக்காது.