கால்வாய்ப் பாலங்களில் ஜியோகேச்சிங் ஆப்: மூன்றரை ஸ்டார்

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் புள்ளியை வைத்துத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ல் நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகானில் ஒரு வாளியை ஒளித்துவைத்தார், அப்படித்தான் இது ஆரம்பம்.

நான் இந்த ஆப்பை வைத்துக்கொண்டு சுற்றியது வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம். வைகை ஆற்றில் இருக்கும் பேரணையிலிருந்து வரும் பெரியாறு கால்வாயையும் கிளை வாய்க்கால்களையும் ஒட்டிய ரோடுகள்தான், பைக் இருந்தால் போதும். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும், தென்னந்தோப்பு ஓரமாக வந்தாலோ பாலத்துக் கண்ணுக்குள் இறங்கினாலோ அதையும் நம்ப முடியாது, இரும்புக் கைப்பிடி இருந்தால் திசைகாட்டி முள் வேறு தன்பாட்டுக்குச் சுற்றும். அதனால் பாலம் வந்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு கண்ணால் தேடுங்கள். எனக்கு ஒன்று கிடைத்தது கட்டைச்சுவரில் காரை உதிர்ந்து ஒரு செங்கல் போன பொந்தில், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய மாத்திரைக் குழாய். உள்ளே தாள் ஈரத்தில் ஒட்டிப்போய், பிரிப்பதற்குள் கிழிந்துவிடுமோ என்றிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருத்தர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாலத்த இடிக்கப் போறீகளா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "பெட்டிக்குள்ள காசு கெடக்குமா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த முறையில் எனக்கு இருக்கிற ஒரே பெரிய குறை, டப்பா இருக்கிற இடத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு கஷ்டம் என்று நில அமைப்புக்குக் கொடுக்கும் ஸ்டார். 1-லிருந்து 5 வரை, டப்பா வைத்தவர் ஒருமுறை போடுவது. வாய்க்கால் காய்ந்து கிடக்கையில் 2 ஸ்டார் சரி. வைகை அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அதே இடத்தில் கால் வைக்க முடியாது, ஆனால் ஆப் அப்போதும் 2 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் திறக்கிற செய்தியைப் பார்க்காமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

காசு கட்டுகிற வகையும் உண்டு. நம்ம பக்கம் டப்பாக்கள் குறைவு, இலவசமே போதும். அப்புறம், பேனா நீங்களே கொண்டுபோங்கள், மாத்திரைக் குழாய்க்குள் அதற்கெல்லாம் இடமிருக்காது.