கூர்முனைச் சுத்தியலா, உளிமுனைச் சுத்தியலா?

பாறைகளை உடைத்துப் புதைபடிவங்களை எடுக்க உதவும் நிலவியல் சுத்தியல்கள் இரு வகை; இரண்டிற்கும் ஒரு பக்கம் சதுரமான தட்டை முகமே. வேறுபாடு மறுபக்கத்தில்தான் உள்ளது. கூர்முனை, அடியின் விசை முழுவதையும் ஒரே புள்ளியில் குவிப்பதால், அடுக்கில்லாத கெட்டியான பாறையைப் பிளக்கவும், விரிசலில் நுழைத்து நெம்பவும் ஏற்றது. உளிமுனையோ விசையை ஒரு கோட்டில் பரப்பி, ஷேல் (களிமண் படிந்து இறுகிய பாறை) போன்ற படலப் பாறைகளை அடுக்கின் போக்கிலேயே பிரிப்பதால், உள்ளிருக்கும் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம்) உடையாமல் வெளிப்பட வாய்ப்பு அதிகம். மென்மண்ணைச் சுரண்டவும் அது உதவும்.

அரியலூர் வட்டாரத்தின் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த இறுதிக் காலம்) படிவுகளில் இவ்விரு நிலைமைகளையும் காணலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பி ஓடுகள் இறுகிப் பதிந்திருப்பதால் அங்கே கூர்முனையே கைகொடுக்கும். காரை என்ற ஊரின் களிமண் மேடுகளில் மழை அரித்துவிட்ட பெலெம்னைட்டுகள் (கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரியின் குண்டு வடிவப் புதைபடிவங்கள்) தரையிலேயே கிடப்பதால், உண்மையில் சுத்தியலைவிடச் சிறு கத்தியும் தூரிகையும் மேலானவை. (சாத்தனூரில் உள்ள கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் நினைவுச் சின்னம், அதன்மீது எந்தக் கருவியும் படலாகாது.)

ஒன்றே வாங்க இயலுமெனில் நான் உளிமுனையையே பரிந்துரைப்பேன். கெட்டிப் பாறைக்குத் தனியாக ஒரு கல்லுளியைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஆனால், சுத்தியலின் முனையையே உளியாகப் பாறையில் வைத்து இன்னொரு சுத்தியலால் அடிக்கக் கூடாது, ஏனெனில் கடினமாக்கப்பட்ட எஃகு சிதறிக் கண்ணில் பாயக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இரண்டையுமே ஓங்கலாகாது.