கஞ்சிக்கு 150 ரூபாய், கூடவே ஒரு ஓட்டு

கஞ்சிக்கு 150 ரூபாய் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். கொழுப்பு அரைப்புள்ளி குறைந்தால் லிட்டருக்கு எத்தனை பைசா குறையும் என்று வாயிலேயே சொல்வேன். என்னிடம் வந்து இந்த விலை சொன்னால்? ஆனால் டிக்கெட்டை நீட்டிய பையன், சங்கத்தில் பால் ஊற்றும் வீட்டுப் பிள்ளை. "வயித்துக்குக் கொஞ்சம், கலைக்காரங்களுக்கு மிச்சம்ங்க அக்கா. வந்து பாருங்க" என்றான். போனேன். இப்போது இரண்டு தடவை போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன்.

இடம் பாலக்காட்டு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், ஓட்டம் நின்றுபோன ஒரு அரிசி மில்லின் நெல் உலர்த்தும் களம். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மாலை ஆறரைக்கு. வாசலில் காசு கொடுத்தால் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். சாப்பிட்டபடியே நாலு கலைஞர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாலு நிமிடம், அப்புறம் கூட்டத்திலிருந்து நாலு கேள்வி. யாருக்குப் பணம் போக வேண்டுமோ அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிப் பால் கேனில் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவருக்கு அன்றைய வசூல், செலவு போக, அன்றைக்கே கையில்.

இது அமெரிக்காவிலிருந்து எடுத்த முறை என்று இதை நடத்தும் பையன்களே சொல்கிறார்கள். சிகாகோவில் 2007-இல் ஞாயிற்றுக்கிழமை சூப் என்று தொடங்கியது. 2009-இல் நியூயார்க்கின் புருக்ளினில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இதே மாதிரி விருந்து வைத்து ஓவியர்களுக்குப் பணம் திரட்டினார்கள். 2010-இல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்ததுதான் ரொம்பப் பேசப்பட்டது. அங்கே 5 டாலருக்கு சூப், சாலட், ரொட்டி, ஒரு ஓட்டு கிடைத்தது. நாலு பேர், நாலு நிமிடம், நாலு கேள்வி எல்லாம் அங்கிருந்து வந்த கணக்குதான். கலை மட்டும் என்றில்லை, ஊருக்கு உதவும் எந்த யோசனையோடும் அங்கே மேடை ஏற முடிந்தது. இங்கே கலை மட்டும். சூப் இருந்த இடத்தில் கஞ்சி வந்துவிட்டது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாப்பிட்டுக் காசு கொடுப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைக்கிறார்கள். வட கேரளத்து வடகரைப் பக்கம் பணப்பயற்று என்று டீ கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். இரண்டிலும் வாங்கியவன் ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும், நோட்டில் பெயர் இருக்கும். பாலக்காட்டில் யாருக்காவது சிகிச்சைக்குப் பணம் வேண்டுமென்றால் பிரியாணி சேலஞ்ச் போடுவார்கள். அதில் திருப்பித் தர வேண்டாம், ஆனால் பொட்டலத்தை வாங்கினோமா போனோமா என்று முடிந்துவிடும். இந்தக் கஞ்சி விருந்தில் கடனும் இல்லை, கொடுத்தவன் பேச்சும் கேட்கப்படுகிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மட்ட அரிசி என்கிற கேரளச் சிவப்பரிசியில் கஞ்சி, பயறு, சுட்ட பப்படம், மாங்காய்ச் சம்மந்தி, அதாவது துவையல். அப்புறம் ஆளுக்கு இரண்டு ராமசேரி இட்லி. தெரியாதவர்களுக்கு: இது குழிக்குள் வேகும் இட்லி இல்லை. மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, அதன் மேல் மாவைத் தட்டையாக ஊற்றி வேக வைப்பது; பார்க்கச் சின்னத் தோசை மாதிரி இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் பாலக்காட்டுப் பக்கம் ராமசேரி என்ற ஊரில் காப்பாற்றி வைத்த பண்டம். பொடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தொட்டுக்கொண்டால், 150 ரூபாயில் பாதி அங்கேயே வசூலாகிவிட்டது. சம்மந்தியில் காந்தாரி மிளகாய் கொஞ்சம் தூக்கல். இரண்டாம் பந்திக்கு வந்த கஞ்சியில் அரிசியைத் தேட வேண்டியிருந்தது; பரிமாறிய பையனிடம் சொன்னேன், "சேச்சி, ஆள் கூடிப்போச்சு" என்று பல்லைக் காட்டினான்.

முதல் தடவை மேடையேறிய நாலு பேர்: ஒரு தோல்பாவைக் கூத்துக்காரர், பள்ளிச் சுவரில் ஓவியம் தீட்ட விரும்பிய ஒரு பெண், பனையேறிகளைப் பற்றிக் குறும்படம் எடுக்க வந்த கல்லூரிப் பையன், பொறாட்டு நாடகக் குழுவிலிருந்து எழுபது வயதுப் பெரியவர்.

என் ஓட்டு பாவைக்கூத்துக்கு. பத்ரகாளி கோயில்களில் 42 அடி நீளக் கூத்துமாடத்தில், 21 விளக்கு வரிசைக்கு முன்னால் தோல்பாவைகளை ஆட்டி, கம்பராமாயணப் பாட்டை இரவெல்லாம் பாடும் கூத்து அது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்த காளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனதால், அவளுக்காக ஆடிக் காட்டுவது என்பது ஐதீகம். மலையாள நாட்டுக் கோயிலில் தமிழ்ப் பாட்டு! அந்த மனிதர் இதையெல்லாம் அழகாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது மணி அடித்துவிட்டார்கள். மாட்டுக் கழுத்து மணிதான். புதுப் பாவை செய்ய ஆட்டுத்தோல் வேண்டும் என்று அவர் கேட்க வந்தது, கேட்காமலே போனது. இரவிரவாகக் கதை சொல்கிறவரிடம் நாலு நிமிடத்தில் முடி என்றால் எப்படி? வாய்த் துடுக்கு உள்ளவனுக்குத்தான் இந்த முறை ஒத்துவரும். இதுதான் என் பெரிய குறை.

பொறாட்டுப் பெரியவர் விஷயம் நேர்மாறு. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எங்கள் பாலக்காட்டு நாடகத்தில், மேடைக்கு வருகிற ஒவ்வொரு வேஷத்தையும் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு சோத்தியக்காரன் உண்டு. இவர் வாலிபத்திலிருந்து அந்த வேஷம் கட்டுகிறவர். அவரிடம் போய் முன்வரிசையில் இருந்த ஒருவர், "இந்தக் காலத்துல இதை யாருங்க பாக்கறாங்க?" என்று கேட்டார். "நீங்க பாக்கறதுக்காகக் கேக்கறீங்களா, பாக்காம இருக்கறதுக்குக் காரணம் தேடறீங்களா?" என்றார் பெரியவர். களமே சிரித்தது. கேள்வி கேட்டவரும் சிரித்தார். அதோடு முடிந்தது போட்டி.

பால் கேனை எல்லோர் முன்னாலும் கவிழ்த்து எண்ணினார்கள். பொறாட்டு 51, குறும்படம் 43, சுவர் ஓவியம் 15, பாவைக்கூத்து 7, செல்லாதது 2. குறும்படத்தின் 43-இல் முக்கால்வாசி ஒரே வேனில் வந்திறங்கிய நண்பர்கள்; அன்றைக்குத் தப்பித்தது, இன்னொரு நாள் தப்பிக்காது. மேடையேறுகிற ஒருவர் இத்தனை பேரைத்தான் கூட்டி வரலாம் என்று வரம்பு வைக்கலாம். கணக்கு: 118 பேர், 17,700 ரூபாய். அரிசியும் காய்கறியும் நன்கொடை. கேஸும் இட்லிக்கூலியும் 2,200 போக 15,500. கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள், நான் மனதிலேயே கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

இரண்டாம் தடவை நான் போனதே பெரியவர் கணக்குச் சொல்வார் என்றதால்தான். டெட்ராய்ட்டிலும் ஜெயித்தவர்கள் திரும்பி வந்து சொல்வது வழக்கமாக இருந்ததாம். மத்தளத்துக்குத் தோல் மாற்ற 6,500, சேலை, வேட்டி, முகச்சாயத்துக்கு 5,800, வண்டிக்கூலி 1,200, கையில் 2,000 என்று மடித்து வைத்த காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பிறகு காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அதே மத்தளத்தை மடியில் போட்டுத் தட்டினார். புதுத்தோல் இன்னும் இறுக்கம் விடவில்லை, சத்தம் கொஞ்சம் முரடாகத்தான் வந்தது.

பாவைக்கூத்துக்காரர் அன்றைக்கு வரவில்லை. தோற்றவர்கள் மறுபடி மேடையேறலாமா என்று கேட்டேன். ஏறலாம், பெயர் கொடுத்தால் போதும் என்றார்கள். அவர் எண்ணை வாங்கிப் பேசியிருக்கிறேன். ஆட்டுத்தோலை முதல் நிமிடத்திலேயே கேளுங்கள், காளி கதையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: மைக் கீச்சிடும், ஸ்பீக்கர் பக்கம் உட்காராதீர்கள். தரையில்தான் பந்தி, முட்டி வலிக்காரர்கள் முன்பே சொன்னால் நாற்காலி போடுகிறார்கள். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரண்டு தடவையும் இல்லை. ஜிபே சில நேரம் சுற்றிக்கொண்டே நிற்கும், கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்குப் பிறகு ராமசேரி இட்லி ஆளுக்கு ஒன்றுதான்.