காட்பாடிப் பட்டறையும் ஏலகிரி இறக்கமும்

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய காரை ஓட்டிச் செல்ல வேண்டியிருந்ததால், காட்பாடியிலுள்ள ஒரு சிறிய பட்டறையில் வண்டியை விட்டேன். முன்பு வேறொரு இடத்தில் ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருந்தார்கள். இங்கிருந்த மெக்கானிக், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, உள்ளே படிந்திருந்த துருவை விரலால் வழித்துக் காட்டிவிட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினார்.

என்னை மிகவும் கவர்ந்தது பிரேக் ஆயிலில் அவர் காட்டிய அக்கறைதான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், நாளாக ஆக அதன் கொதிநிலை குறைந்து, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதி பிடிப்பில்லாமல் அமுங்கிவிடும் என்று விளக்கி, கறுத்துப்போயிருந்த பழைய ஆயிலை முழுவதுமாக வெளியேற்றி மாற்றினார். "இறங்கும்போது இரண்டாவது கியர்லயே வாங்க சார், பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

கட்டணம் நியாயமானது. காத்திருக்க நிழல்தான் இல்லை. முன்கூட்டியே சொல்லாமல் சென்றால் அரைநாள் போய்விடும். மறுநாள் மலையிறங்கியபோது பிரேக் மிதி ஒருமுறைகூடத் தளரவில்லை. வெப்பமானியின் முள்ளும் நடுவிலேயே நின்றது.