நேரம் கொடுத்து விளக்கும் நுரையீரல் மருத்துவர், மயிலாப்பூர்

அப்பாவுக்கு நுரையீரல் தழும்பு நோய். மயிலாப்பூரில் நாங்கள் காட்டும் இந்தச் சிறிய சிகிச்சையகத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

முக்கியக் காரணம், மருத்துவர் விளக்கும் விதம். அவர் சொன்னது இது: நுரையீரலின் காற்றுப்பைகளைப் பழுதுபார்க்க வேண்டிய செல்களில் சில முதுமையடைந்து, பிரிவதை நிறுத்திவிடுகின்றன, ஆனால் சாவதில்லை. அங்கேயே இருந்துகொண்டு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் உசுப்பப்பட்ட நார்ச்செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டிக்கொண்டே போக, நுரையீரல் விறைத்துவிடுகிறது. "இந்த வயதில் எனக்கு ஏன்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இங்கேதான் ஒரு பதில் கிடைத்தது.

முதுமையடைந்த அந்தச் செல்களை அழிக்கும் டாசாட்டினிப் (ஒரு புற்றுநோய் மருந்து), குவெர்செட்டின் (ஒரு தாவரப் பொருள்) பற்றிக் கேட்டேன். 2019-இல் வெளியான முதல் மனித ஆய்வில் 14 பேர்தான். நடைத்திறன் கூடியது, நுரையீரல் திறன் மாறவில்லை, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள் என்றார். எதையும் விற்கப் பார்க்காத அந்த நேர்மைக்கே ஐந்து நட்சத்திரம். இப்போதைக்கு அப்பாவுக்கு நின்டெடானிப் என்ற மருந்து, தழும்பை அகற்றாது, நோயின் வேகத்தைக் குறைக்கும். வயிற்றுப்போக்கு வரலாம் என்று முன்பே சொன்னார், வந்தது, சமாளித்தோம்.

பெரிய குறை: முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கும் நோயாளிகளுக்கு இது கொடுமை. கீழ்த்தளத்தில் ஓர் அறை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். மாலையில் கூட்டம் அதிகம், காலையிலேயே டோக்கன் வாங்கிவிடுங்கள்.