டெஸ்ட் மெயில் போனதைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

அலுவலகத்துக்குச் சொந்தமாக மெயில் சர்வர் போடும் வேலையை ஒருவரிடம் நம்பிக் கொடுத்துவிட்டு மூன்று மாதமாக அவதிப்படுகிறோம். யார் என்பது வேண்டாம். என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எத்தனை பேருக்கு மெயில் வேண்டும், பழைய மெயில்களை எப்படிக் கொண்டுவருவது, எதையும் அவர் கேட்கவில்லை. ஒரே நாளில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்) டவ்காட்டும் (வந்த மெயிலைப் பயனர் படிக்கக் கொடுக்கும் மென்பொருள்) நிறுவினார். என் கண்முன்னாலேயே தன் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினார், போய்ச் சேர்ந்தது. "அவ்வளவுதான் சார், முடிஞ்சது." மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அந்த முகவரி அவரே நடத்தும் சர்வரில் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளர் ஒருவர், "கொட்டேஷன் அனுப்புறேன்னு சொன்னீங்களே?" என்றார். அனுப்பியிருந்தோம். தேடிப் பார்த்தால் அவருடைய ஸ்பாமில் கிடந்தது. வேறு சிலருக்கு அனுப்பியவை 550 என்ற எண்ணோடு (ஏற்க மறுப்பு என்று அர்த்தம்) திரும்பி வந்திருந்தன. சர்வர் போட்டவரைக் கேட்டால், "அவங்க பக்கம்தான் பிரச்சினை" என்றார். எத்தனை பேர் பக்கம்தான் பிரச்சினை இருக்கும்?

வேறொரு டெக்னீஷியன் வந்து, திரும்பி வந்த மெயிலை முழுதாகப் படித்தார். (நாங்கள் யாரும் அதைப் படிக்கவே இல்லை, அது எங்கள் தப்பு.) சர்வர் சாதாரண பிராட்பேண்ட் லைனில், மாறிக்கொண்டே இருக்கும் ஐபியில் (இணையத்தில் சர்வரின் எண் முகவரி) ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஐபிகளிலிருந்து மெயில் நேராகக் கிளம்பக்கூடாது என்பதற்காகவே ஸ்பாமைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் எங்கள் ஐபியும் இருந்தது. ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவும் எங்கள் பெயருக்கு இல்லை. அதை டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) பக்கத்தில் போட முடியாது, ஐபி கொடுப்பவர்தான் போடவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்தப் பிடிஆர் பதிவைக் கண்டிப்பாகவே கேட்கிறது. மெயில் எங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் கையொப்பமும் இல்லை.

எந்தெந்த சர்வர்கள் எங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு மட்டும் இருந்தது. ஆனால் அதன் கடைசியில் 'பிளஸ் ஆல்' என்று முதலில் வந்தவர் போட்டிருந்தார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அதற்கு அர்த்தம்! வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை அதிலேயே விட்டுப் போன கதை.

பேக்கப் எடுத்திருந்தார், சர்வர் இருக்கும் அதே டிஸ்கில்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், பணம் தருவதற்கு முன் உங்களுக்குச் சொந்தமான இரண்டு மூன்று வெளி முகவரிகளுக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். இன்பாக்ஸில் வந்ததா என்று பாருங்கள். ஹெடரை (மெயிலோடு வரும் தொழில்நுட்பக் குறிப்புகள்) திறந்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முந்தைய இரண்டில் ஒன்றாவது அனுப்பியவர் டொமைனோடு பொருந்துகிறதா என்ற சோதனை) மூன்றும் பாஸா என்றும் பாருங்கள். எஸ்பிஎஃப் பாஸ் மட்டும் போதாது, 'பிளஸ் ஆல்' இருந்தால் எவன் அனுப்பினாலும் பாஸ்தான். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் டொமைன் இன்னும் அந்த முதல் ஆளின் பெயரில்தான் இருக்கிறது. புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, அவர் ஃபோனை எடுப்பதில்லை.