கனடாவில் படகிலிருந்து கரடி பார்க்கக் கொழும்பில் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் விடுமுறைக்கு வன்கூவரில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போக விமான டிக்கெட் எடுக்கும்போதுதான் இது தொடங்கியது. வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஏஜென்சி. அங்கிருந்தவர் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கடற்கரையில் ஒரு கருங்கரடி பெரிய கல்லொன்றைப் புரட்டி, அடியில் நண்டு தேடுகிறது. "வன்கூவர் தீவில டொஃபினோ என்று ஓர் ஊர். படகில இருந்தே பார்க்கலாம். காலை 9 மணிப் படகு, கரடி கட்டாயம்" என்றார். மகன் அந்தப் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான், கணவர், மகன், அம்மா நான்கு பேருக்கும் 2,10,000 ரூபா கட்டினோம்.

டொஃபினோ பக்கத்தில் இல்லை. வன்கூவரிலிருந்து காரோடு ஃபெரியில் ஏறி நனைமோ போக ஒன்றே முக்கால் மணித்தியாலம், அங்கிருந்து மலைப்பாதையில் இன்னும் மூன்று மணித்தியாலம். அண்ணா இரண்டு நாள் லீவு போட்டுக் கூட்டிப் போனார். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வருத்தம். பேரனுக்காகத்தான் வந்தார்.

படகு ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே அம்மா கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, அந்தப் படத்தில கல்லெல்லாம் வெளியில கிடந்தது. இங்க தண்ணி பெருகிக் காட்டடி மட்டும் நிக்குது. கரடி எங்க இறங்கி நண்டு தேடுறது?" அம்மா யாழ்ப்பாணத்தில், கடலோரக் குருநகரில் பிறந்து வளர்ந்தவர். கடலின் வற்றும் பெருக்கும் பார்த்துப் பழகிய கண். எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. இரண்டரை மணித்தியாலம் சுற்றினோம். கடல்நாய்கள் பார்த்தோம், வெண்தலைக் கழுகு பார்த்தோம். கரடி இல்லை. மகன் கடைசி வரை கரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கியதும் படகுக்காரரின் கவுண்டரில் சீட்டைக் காட்டிக் கேட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். எங்கள் சீட்டு கரடிப் பயணத்துக்கே இல்லை. தீவுகளைச் சுற்றிக் காட்டும் சாதாரணப் பயணம். கரடிப் படகு அன்று பின்னேரம் 3 மணிக்கு. அது நிறைந்துவிட்டது. சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் பார்த்தேன். நாங்கள் போன பயணத்துக்குக் கொழும்பில் கட்டியதில் பாதிகூட வராது.

3 மணி என்பதற்குக் காரணம் கடல். கடல்நீர் இறங்கும் வற்று நேரத்தில் கற்கள் வெளியே தெரியும். அப்போதுதான் கரடிகள் காட்டை விட்டு இறங்கி வந்து கல்லைப் புரட்டி நண்டு தின்னும். அதனால் கரடிப் படகு வற்றைப் பார்த்துத்தான் புறப்படும். வற்று ஒரு நாளில் இரண்டு முறை வரும், நாளுக்கு நாள் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிந்தும். ஆகவே எந்த நாள் போனாலும் காலை 9 மணிக்குக் கரடி என்று விற்பது நடக்காத காரியம். காலிமுகத்திடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. டொஃபினோவில் மூன்று, நான்கு மீற்றர் ஏறி இறங்குகிறது. அந்த அறியாமையைத்தான் எங்களிடம் காசாக்கினார்கள்.

திரும்பி வந்து ஏஜென்சிக்காரரிடம் கேட்டபோது, "காட்டு மிருகம் மிஸ், எங்கட கையிலயா இருக்கு?" என்றார். கரடி அவர் கையில் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பயணத்தின் சீட்டை வாங்கி எந்தப் பெயரில் விற்றார் என்பது அவர் கையில்தானே இருந்தது? வற்று நேரமும் இரகசியமில்லை. கனடா அரசே அந்த அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பற்றுச்சீட்டைப் பார்த்தால் "கனடா சுற்றுலா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பயணத்தின் பெயரும் இல்லை, நேரமும் இல்லை. அதை அன்றே கவனிக்காதது இப்போதும் மனதை அறுக்கிறது.

பணம் கட்டுமுன் அந்தத் திகதியில் டொஃபினோவில் வற்று எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் படகுக்காரரிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். இன்னொன்று: அதே ஏஜென்சியின் கண்ணாடியில் இப்போது டிசம்பர் விடுமுறைக்கும் கரடிப் பயணம் என்று ஒட்டியிருக்கிறார்கள். அங்கே கரடிப் படகுகள் ஓடுவது ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் கரடி பொந்துக்குள் படுத்துவிடும். தயவுசெய்து அதற்குக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் போன கிழமை கொடுத்துவிட்டோம். இன்னும் பதில் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.